இரண்டு புவா

எங்கள் ஊரில் இந்த நோய்க்குக் காது அணைஞ்ச சுரம் என்று பெயர். விளக்கு அணைகிற மாதிரி ஒரே ராத்திரியில் காது அணைந்துவிடும். இவ்வளவு சரியாகப் பெயர் வைக்கத் தெரிந்த ஊருக்கு, பன்றிக்கறியைக் கொத்தி ரத்தம் கலக்கிற லாபைப் பச்சையாகத் தின்னாமல் இருக்க மட்டும் தெரியவில்லை.

நான் சுகாதாரத் தொண்டர். மாதத்துக்கு ஒருமுறை கோயில் ஒலிபெருக்கியைப் பிடித்துத் தொண்டை வற்றக் கத்துவது என் வேலை. "லாப் சாப்பிடணும்னா வறுத்துச் சாப்பிடுங்க, ரத்தத்தைப் பச்சையா குடிக்காதீங்க" என்பேன். கீழே உட்கார்ந்திருக்கிற ஆம்பளைகள் பல்லைக் காட்டுவார்கள். "நுவான் அக்கா, அதுல பித்தம் ஊத்துறோம், காரம் போடுறோம், மேல சாராயமும் குடிக்கிறோம். மூணு நெருப்புல வெந்த கறி வேகாத கறியா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் இன்கேவ்.

லாப் கொத்துவதில் இன்கேவை மிஞ்ச ஆளில்லை. புது வீடோ, கோயில் விழாவோ, பிணம் எடுத்த வீடோ, கறி கொத்த முதலில் அவனுக்குத்தான் ஆள் போகும். தன் புளியமரக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். கட்டையில் கத்தி படும் சத்தம் முதலில் கணீரென்று இருக்கும். கறி மசிய மசியச் சத்தம் மங்கி, கடைசியில் ஈரத் துணியைத் துவைக்கிற மாதிரி ஆகும். அந்த நிமிஷத்தில் ரத்தத்தை ஊற்ற வேண்டும். மற்றவர்கள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். இன்கேவ் எங்கேயோ பார்த்துக் கதை பேசிக்கொண்டே கொத்துவான், காது சொன்னதும் நிறுத்துவான். நிறுத்தி, ஒரு சிட்டிகையைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்ப்பான். அந்தச் சிட்டிகைதான் அவனைக் கவிழ்த்தது.

நவம்பர் குளிரில் ஒரு புதுமனை விருந்து. மூன்றாம் நாள் காய்ச்சல், வாந்தி, கழுத்தை அசைக்க முடியாத வலி. பயாவ் பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தான். கண் விழித்தபோது நர்ஸ் வாயை மட்டும் அசைத்து விளையாடுகிறாள் என்று நினைத்துக் கோபப்பட்டானாம். உயிர் திரும்பி வந்தது, காது வரவில்லை. காதோடு நடையும் போயிற்று. காதும் நிதானமும் உள்ளே ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, தீப்பிடித்தால் இரண்டும்தான் போகும் என்றார் டாக்டர். கருவி வைத்தாலும் பயனில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு இன்கேவ் காலை அகட்டி வைத்து, வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தான். கண் திறந்திருக்கும்வரைதான் நிற்பான். கண்ணை மூடினால் எந்தப் பக்கம் தரை என்று உடம்புக்குத் தெரியாது, சாய்ந்துவிடுவான். தலைக்குச் சோப்புப் போட்டால் கண்ணை மூட வேண்டுமே, அதனால் அவன் பெண்டாட்டி சான்சோம்தான் குளிப்பாட்டினாள். அவனை முக்காலியில் உட்கார வைத்துத் தலையைத் தேய்ப்பாள், அவன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூங்கில் வேலிதான். என் கண்ணில் படாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. ஏழு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன என் புருஷனுக்குக் காது நன்றாகக் கேட்டது. இருபது வருஷம் நான் சொன்ன ஒன்றையும் அவன் கேட்டதில்லை. அதனால் அந்த முக்காலியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மறைக்க என்ன இருக்கிறது?

கட்டையில் இன்கேவின் இடத்துக்குத் தவின் வந்தான். அவனுடைய சித்தப்பா மகன், நாற்பது வயது. பெண்டாட்டி தைவானில் தொழிற்சாலை வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. நல்லவன், வாயாடி. ஆஸ்பத்திரிக்கு இன்கேவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவனும் அவன்தான், சான்சோமுக்கு மருந்து வாங்கி வந்து கொடுப்பவனும் அவன்தான். வேலிப் பக்கம் வண்டியை நிறுத்தி அவளிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான். ரெண்டு வார்த்தை நாலாகும், நாலு சிரிப்பாகும். இன்கேவ் பன்றிக் கொட்டகையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பான்.

மார்ச் மாதம், காட்டுப் புகை ஊரை மூடியிருந்த ஒரு காலையில், ரத்த அழுத்தம் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். கழுத்தில் கயிறு கட்டிப் பேனாவும், பழைய காலண்டர் தாளும் தொங்கவிட்டிருந்தான். யாரும் எதையும் அதில்தான் எழுதிக் காட்ட வேண்டும். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான்.

"அக்கா, ஒரு ரகசியம். காதோட காதா வெச்சுக்கணும்" என்றான்.

தன் குரல் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. தெரு முனையில் நாய் குரைத்தது. அடுப்படியில் சான்சோம் மிளகாய் இடிக்கிற சத்தம் நின்றது.

"தவின் வரும்போதெல்லாம் நீங்க வேலிப் பக்கந்தானே இருக்கீங்க. ரெண்டு பேரும் என்ன பேசுறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. உங்களுக்குக் காது இருக்கு. எனக்கு இல்ல."

"மருந்து பத்திதான்" என்று தாளில் எழுதினேன்.

"மருந்து பத்திப் பேசுனா இப்படியா சிரிப்பு வரும்? அவ சிரிக்கிறப்ப தோள் குலுங்குது. எங்கிட்ட சிரிச்சு அஞ்சு மாசமாச்சு. கட்டைய எடுத்துக்கிட்டான், சரி. நமக்குக் கை ஓடல, அவன் கொத்துறான். ஆனா அதோட நிக்கணுமில்ல?"

"பைத்தியம்" என்று எழுதினேன்.

"ஆமா, செவிட்டுப் பய, பைத்தியக்காரப் பய. குடிகாரன்னு வேற சொல்றாங்க, நான் நடக்குறதப் பாத்து. உதட்டப் பாத்தே எனக்கு இப்பப் பாதி புரியுது, தெரியுமா? மீதியும் புரிஞ்சிடும்."

நான் அடுப்படிக்குப் போனேன். சான்சோம் உலக்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர். மிளகாயா, மற்றதா என்று நான் கேட்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றேன்.

"ஊருக்கே கேட்டுருக்கும்."

"போய்ச் சொல்லு, அப்படியெல்லாம் இல்லன்னு."

"சொல்ல மாட்டேன்" என்றாள். "சந்தேகப்படட்டும். அஞ்சு மாசத்துல இப்பதான்கா என் மூஞ்சிய உத்து உத்துப் பாக்குறாரு. கல்யாணமான புதுசுல கூட இப்படிப் பாத்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"சிரிக்காதீங்க. காலைல எந்திரிச்சா நேரா அந்தக் கொட்டகைக்குத்தான் போறாரு. அவகிட்ட மணிக்கணக்கா பேசுறாரு. வாழைத்தண்டு நல்லாருக்கா, வெயில் அடிக்குதா, ராத்திரி தூங்கினியான்னு. எங்கிட்ட, சோறு, தண்ணி, ரெண்டே வார்த்தை. நான் எதாவது சொன்னா தாளை நீட்டுறாரு. எழுதி எழுதி எவ்வளவுக்கா பேசுறது? கோவத்த எப்படி எழுதுறது?"

அவள் 'அவகிட்ட' என்றது பன்றியை. நூற்றைம்பது கிலோ பெண் பன்றி. குட்டியாக வந்தபோது தாமரை மாதிரி சிவந்திருந்தது என்று அவர்கள் மகள் அதற்குப் புவா என்று பெயர் வைத்தாள். எங்கள் பேச்சில் தாமரைக்குப் புவா என்று பெயர். இன்கேவ் மட்டும் அதை ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. அவனுக்கு அது 'பெரியவ'.

"டாக்டர் என்ன சொன்னாரு? கையில காயத்தோட பன்னியத் தொடக் கூடாதுன்னாரு. இவரு தடுமாறி விழுந்து விழுந்து கை காலெல்லாம் காயம். அதோடயே அதைக் கட்டிப் பிடிச்சுக்கிறாரு. புவாவ அனுப்பிடப் போறேன். தவினுக்குச் சியாங் கம் பக்கம் தெரிஞ்ச பண்ணை இருக்கு. அவருக்குத் தெரிஞ்சா விடமாட்டாரு. நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"டாக்டர் சொன்னதுக்காகவா அனுப்புற?"

அவள் உலக்கையை எடுத்து ரெண்டு இடி இடித்தாள். "பாதி அதுக்கு" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், இப்போது தெரிகிறது. ஆனால் புருஷன் பொறாமைப்படுகிற ஒரு வீட்டைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதில் எனக்கும் ஒரு ருசி இருந்தது.

ஏப்ரல் பன்னிரண்டு, புது வருஷப் பண்டிகைக்கு முந்தின நாள். தவின் வேலிப் பக்கம் வண்டியை நிறுத்தினான். நான் என் பக்கத்தில் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இன்கேவ் பதினைந்தடி தள்ளி, கொட்டகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான்.

"தவின், புவாவ இனிமே என்னால வெச்சுக்க முடியாது" என்றாள் சான்சோம். "பண்டிகை முடிஞ்ச மறுநாளே வந்துடு."

"அண்ணன் தூங்குறப்ப வரேன் மதினி. அடம் புடிச்சா?"

"புவா அடம் புடிச்சா கட்டித் தூக்கிடு."

"என்ன கனம் கனக்கும்! நீங்க பின்னாடி பிருஷ்டத்தத் தள்ளுங்க, நான் முன்னாடி காதைப் புடிச்சு இழுக்கிறேன்."

சான்சோம் வேலியில் சாய்ந்து சிரித்தாள். தோள் குலுங்கியது. நான் திரும்பி இன்கேவைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. பன்றி அவன் முழங்காலை முட்டிக்கொண்டிருந்தது, அவன் கவனிக்கவே இல்லை.

பதின்மூன்றாம் தேதி பழைய வருஷம் ஊரைவிட்டுப் போகும் நாள். காலையிலேயே வெடிவெடித்து, எல்லாரும் தலை குளித்து, பீடையைத் தண்ணீரோடு விட வேண்டும். சான்சோம் வேப்பிலையும் சோப்புக்காயும் காய்ச்சி வைத்து முக்காலியைப் போட்டாள். இன்கேவ் அதைக் காலால் தள்ளினான்.

"நானே குளிச்சுக்குவேன். அடுத்தவ கை எனக்கு வேண்டாம்."

அவள் அவன் முன்னால் போய் நின்று வாயை அசைத்து ஏதோ சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது கேட்காதவன் முகத்தைத் திருப்பினால் கதவைச் சாத்தியது மாதிரிதான். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தானே தலையில் ஊற்றிக்கொண்டான், சோப்பு கண்ணில் இறங்கியது, கண்ணை மூடினான். விழுந்த சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. நெற்றியில் மூன்று தையல் போட வேண்டியிருந்தது. தையல் முடிகிறவரை சான்சோம் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

மறுநாள் அழுகல் நாள். பழைய வருஷம் போயாயிற்று, புதியது இன்னும் வரவில்லை, நடுவில் கிடக்கிற நாள் அது. அன்றைக்கு யாரும் யாரையும் திட்டக் கூடாது, சண்டை போடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வருஷம் முழுக்க வாய் அழுகும். எங்கள் ஊரில் பச்சைக்கறிக்குப் பயப்படாதவன்கூட இதற்குப் பயப்படுவான்.

அன்றைக்குத்தான் ஊரே கோயில் முற்றத்தில் கூடி மறுநாளைக்கான சமையல் செய்யும். ஆறு கட்டைகள் வரிசையாகக் கொத்தின. முதல் கட்டையில் தவின். சான்சோம் காய்ந்த மிளகாயைச் சுட்டுவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பெரிய வாணலிக்குப் பக்கத்தில் கரண்டியோடு போலீஸ் மாதிரி நின்றேன். கொத்திய கறி எல்லாம் என் வாணலி வழியாகத்தான் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அப்படியும் ரெண்டு பேர் இலைக்கடியில் மறைத்ததைப் பார்த்தேன். அழுகல் நாளாயிற்றே, திட்ட முடியவில்லை.

அப்போதுதான் இன்கேவ் வந்தான். நெற்றியில் கட்டு. இரண்டு கையாலும் தன் புளியமரக் கட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். வேலியைப் பிடிக்கக் கை இல்லை. நாலடி நேராக, ரெண்டடி பக்கவாட்டில் என்று வந்தான்.

"காலையிலேயே ஏத்திட்டாரு போல" என்றான் ஒருவன்.

யாரும் போய்ப் பிடிப்பதற்குள் தவினுக்கு முன்னால் வந்து கட்டையைத் தொப்பென்று போட்டான். கத்திகள் நின்றன.

"எடுத்துக்கடா" என்றான். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை. "கட்டை உனக்கு. இவளும் உனக்கு. பண்டிகை முடியற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நான் தூங்குறப்ப எதுக்குத் திருட்டுத்தனமா வரணும்? இதோ முழிச்சுக்கிட்டு நிக்கிறேன், கூட்டிட்டுப் போ. நான் கோயில்லயே கிடந்து கூட்டிப் பெருக்கிக்கிறேன்."

தவின் கத்தியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான். வயசான பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சான்சோமின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். மற்ற நாளாக இருந்தால் என்னென்ன வார்த்தை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா? வாயத் தொறக்க மாட்டேங்கிறா!" என்றான் இன்கேவ். அவன் குரல் உடைந்தது. "வேலிக்குப் பக்கத்துல மட்டும் தொறந்தா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். புவாவ இனிமே வெச்சுக்க முடியாதுன்னா. புருஷன வெச்சுக்க முடியாதாம்! கட்டித் தூக்கிடுன்னா!"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பேச்சில் புருஷனுக்கும் புவாதான். சொல்லும்போது காற்று வெளியே தள்ளும், குரல் கீழேயிருந்து மேலே ஏறும். தாமரை புவாவில் காற்று வராது, குரலும் ஏறாது. காது உள்ளவனுக்கு இரண்டும் வேறு வேறு சொல். உதட்டில் பார்த்தால் ஒரே சொல்.

எனக்கு முன்னால் சான்சோமுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, பூண்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். அவன் நின்ற இடத்துக்குப் போய், அவன் வலது கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறினான். மறுபடி பிடித்தாள். உள்ளங்கையைத் தன் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, "புவா" என்றாள். இன்னொரு கையால் அவர்கள் வீட்டுப் பக்கம் காட்டி, மூக்கை மேலே தள்ளிப் பன்றி மாதிரி உறுமினாள்.

பிறகு அவன் நெஞ்சில் விரலை வைத்து, "புவா" என்றாள்.

அவன் தன் கையைப் பார்த்தான். அவள் திரும்பவும் ரெண்டையும் சொன்னாள். ஒன்று கையில் பட்டது, ஒன்று படவில்லை. அவன் முகத்தில் அது மெதுவாக ஏறியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"பெரியவளா?" என்றான். "பெரியவளையா அனுப்புறே?"

முதலில் தவின்தான் சிரித்தான், அடக்க முடியாமல். பிறகு முற்றமே சிரித்தது. சிரிப்பதற்கு அழுகல் நாளில் தடையில்லை. இன்கேவ் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தச் சிரிப்பு?" என்று கேட்டான். "பன்னி பத்திப் பேசுறப்ப எதுக்கு அப்படிச் சிரிச்சே? எதுக்குத் தோள் குலுங்குச்சு?"

சான்சோம் பொய் சொல்லியிருக்கலாம். நான் அவளாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் அவனுக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டில் வைத்தாள்.

"நான் பேசுனா அவன் பதில் சொல்றான்யா."

அவன் படித்துக்கொண்டான்.

"நீ அந்தப் பன்னிகிட்ட பேசுறே. எங்கிட்ட பேசல. எனக்கு அவளப் பாத்தா ஆகல. அதான் அனுப்புறேன். டாக்டர் சொன்னது பாதிதான்."

முற்றத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. இன்கேவ் காலை அகட்டி நின்றபடி தரையைப் பார்த்தான். தரையைப் பார்த்தால் அவனுக்குத் தலை சுற்றும், உடனே நிமிர்ந்துகொண்டான்.

"அவகிட்ட பேசுனா அவ ஒண்ணும் திருப்பிச் சொல்ல மாட்டா" என்றான். "நானும் என்ன, என்னன்னு கேக்க வேண்டியதில்ல. உங்கிட்ட ஒவ்வொண்ணுக்கும் என்ன என்னன்னு கேக்குறப்ப உன் மூஞ்சி சலிச்சுக்கிடுது. அது எனக்கு நல்லாத் தெரியுது. காதுதானே போச்சு."

சான்சோம் அழுதாள். மறைக்காமல், எல்லார் முன்னாலும் அழுதாள்.

அவன் தவின் பக்கம் திரும்பினான். "பெரியவள நாளான்னிக்கே கூட்டிட்டுப் போ. நான் தூங்க வேண்டியதில்ல, நானே கொட்டகையத் தொறந்து விடுறேன். வெறும் தவிடு போட்டா திங்க மாட்டா, வாழைத்தண்ட நறுக்கிக் கலந்து போடச் சொல்லு. கட்டைய நீயே வெச்சுக்க." தவினின் இலையில் இருந்த கறியைக் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "ஆனா இன்னும் பெருசு பெருசாத்தான்டா இருக்கு, உன் கறி."

"சரிண்ணே" என்றான் தவின், தலையை நன்றாக ஆட்டி.

எல்லாம் முடிந்தது என்று நான் வாணலிப் பக்கம் திரும்பினேன். கறி அடிப்பிடித்திருந்தது. அப்போது இன்கேவ், "இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

சான்சோம் அவன் கையைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"இரு. உதட்டப் பாத்தா ஏமாந்துடுவேன்" என்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த மனுஷன் கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நெற்றிக் கட்டில் ரத்தம்கூடக் காயவில்லை. அவன் இடது பக்கம் சாயத் தொடங்கினான். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். சான்சோம் ஒரு கையால் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.

அவள் "புவா" என்றாள்.

அவன் யோசித்தான். "அது பன்னி" என்றான், ஊருக்கே கேட்கிற மாதிரி.

சான்சோமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் நீர் ஒழுகச் சிரித்தாள். அவன் உள்ளங்கை அவள் வாய்மேலேயே இருந்தது. சிரிப்புக்கும் காற்று உண்டு, விட்டு விட்டு வரும் காற்று. அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கையை எடுக்காமல், கண்ணையும் திறக்காமல், அவள்மேல் சாய்ந்தபடியே நின்றான். அவள் சிரித்து முடித்ததும் மற்ற புவாவைச் சொன்னாள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அன்றைக்கு அழுகல் நாள், அதனால் வாயைத் திறக்காமல் அடிப்பிடித்த கறியைச் சுரண்டினேன்.